ஹயவாதா சைக்கிள் பாதை: கம்பி அறுந்த மின்ரயில் தடத்தில் ஒரு நாள்

சைக்கிள் ஓட்டுவதற்காக மட்டும் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள ஹயவாதா பாதைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி போதும்: தாராளமாகப் போங்கள், கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். நான் எழுதுவது வேறொரு கூட்டத்துக்காக. ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டு மலையையும் ஆற்றையும் விட்டுவிட்டு மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக. நானும் அந்தக் கூட்டம்தான். தெற்கு ரயில்வேயில் ஓ.எச்.இ. பிரிவில், அதாவது தண்டவாளத்துக்கு மேலே ஓடும் மின்கம்பிகளைப் பராமரிக்கிற பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் சியாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோடையில் அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை, “மாமா, பழைய ரயில் பாதை ஒன்றைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், வருகிறீர்களா?” என்று கேட்டார். என்ன ரயில் என்று கேட்டேன். மில்வாக்கி ரோடு என்றார். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

மில்வாக்கி ரோடு என்பது செல்லப் பெயர். சிகாகோ, மில்வாக்கி, செயின்ட் பால் என்று மூன்று ஊர்களைப் பெயரில் வரிசையாகத் தாங்கிய பெரிய ரயில் நிறுவனம் அது. பசிபிக் கடற்கரையைத் தொட வேண்டும் என்ற ஆசையில் 1906 முதல் 1909 வரை மலை மலையாகக் குடைந்து தண்டவாளம் போட்டார்கள். முன்பே இரண்டு ரயில் நிறுவனங்கள் அதே வடக்கு வழியில் ஓடிக்கொண்டிருந்தன. பந்திக்குப் பிந்தி வந்தவர்களுக்கு மிஞ்சியது செங்குத்தான மலையும் ஆளில்லாத காடும்தான். அந்த மலையைச் சமாளிப்பதற்காக அவர்கள் செய்த காரியம்தான் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது: பக்கத்து மாநிலமான மொன்டானாவின் ஹார்லோட்டன் முதல் ஐடஹோவின் அவேரி வரை 438 மைல், ஏறக்குறைய 705 கிலோமீட்டர், 3,000 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டி.சி.) மின்மயமாக்கினார்கள். முதல் மின்ரயில் 1915-இன் கடைசியில் ஓடியது. நம் ஊரில் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் வந்தது 1931-இல், அதுவும் 1,500 வோல்ட்டில். எங்கள் பிரிவின் மூத்தவர்கள் அந்த டி.சி. காலத்துக் கதைகளைச் சொல்லும்போது, அதைவிடப் பழையது எதுவும் உலகில் இருக்க முடியாது என்கிற தோரணையில்தான் சொல்வார்கள்.

பாதைக்கு வருகிறேன். சியாட்டிலிலிருந்து ஐ-90 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் காரில் ஆறு மணி நேரம் ஆகும். ஐடஹோவும் மொன்டானாவும் சந்திக்கிற கணவாயில் உள்ள ஒரு பனிச்சறுக்கு நிலையத்தில்தான் டிக்கெட், வாடகைச் சைக்கிள் எல்லாம். பாதை அமெரிக்க வனத்துறையுடையது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடத்துகிறவர்களே கோடையில் இதை நடத்துகிறார்கள். மே கடைசியில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடிவிடுவார்கள். பாதைக்கு ஒரு டிக்கெட், திரும்பி ஏறுகிற பஸ்ஸுக்குத் தனி டிக்கெட், சைக்கிள் வாடகை தனி. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் கை கடிக்கும். ஆனாலும் சைக்கிள்களின் நிலையைப் பார்த்தபோது எனக்கு மனம் ஆறியது. செயினில் எண்ணெய் இருந்தது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கவில்லை. முன்விளக்கு வெளிச்சம் சுவரில் வட்டமாக விழுந்தது. பராமரிப்பு வேலை பார்த்தவனுக்கு இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றவை தானாகச் சரியாக இருக்கும் என்று தெரியும்.

மின்சாரச் சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கிறது. மின்ரயில் பாதையில் மின்சாரச் சைக்கிள் என்று எனக்கு ஆசைதான். ஆனால் பாதையின் 24 கிலோமீட்டரும் இறக்கம், கீழே போனதும் பஸ் மேலே கொண்டுவந்து விடுகிறது. முட்டி வலிக்காரர்கள் கூட சாதாரணச் சைக்கிளில் சமாளிக்கலாம். அந்தக் காசை மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளைக் காரில் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் இன்னும் எட்டுக் கிலோமீட்டர் போய், டாஃப்ட் என்ற இடத்தில் இறங்கி, முதல் சுரங்கத்தின் கிழக்கு வாயிலான ஈஸ்ட் போர்ட்டல் வரை மண் சாலையில் போக வேண்டும். டாஃப்ட் ஒரு காலத்தில் சுரங்கம் குடைந்த தொழிலாளிகளின் ஊர், சூதாட்டத்துக்கும் சாராயத்துக்கும் அடிதடிக்கும் பேர்போனது. இன்று அங்கே ஊர் இருந்ததற்கான அடையாளமே கிடையாது. ஈஸ்ட் போர்ட்டலில் ஒரு சப்ஸ்டேஷன், அதாவது மின்சாரத்தை ரயிலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற நிலையம், இருந்தது, ஹார்லோட்டனிலிருந்து எண்ணி வந்தால் பதின்மூன்றாவது. அதுவும் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் கட்டடம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று சுற்றி வந்தேன். பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். “தாத்தா, இல்லாத கட்டடத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?”

முதல் அடியே சுரங்கத்துக்குள். செயின்ட் பால் கணவாய்ச் சுரங்கம், 8,771 அடி, அதாவது ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர். ஆகஸ்ட் வெயிலில் வியர்த்துக்கொண்டு நிற்கிறோம், வாயிலுக்குப் பத்தடி முன்பே உள்ளிருந்து வருகிற காற்று சட்டைக்குள் புகுந்துவிடுகிறது. உள்ளே 8 டிகிரி செல்சியஸ்தான். கனமான மேல்சட்டை கட்டாயம். இருபுறமும் சாக்கடை போல வாய்க்கால், அதில் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. கூரையிலிருந்தும் சொட்டுகிறது. கூட்டத்தோடு போனால் முன்னால் போகிறவரின் பின்சக்கரம் வாரி இறைக்கிற சேறு உங்கள் முகத்துக்கு, உங்களுடையது பின்னால் வருகிறவருக்கு. நான் முன்பே வேறொரு கடையில் தலைவிளக்கு ஒன்றை வாங்கிவைத்திருந்தேன், பெட்டியில் பிரமாதமாகத்தான் எழுதியிருந்தார்கள். நடுச்சுரங்கத்தில் மின்மினி அளவுக்கு இறங்கிவிட்டது. வாடகைச் சைக்கிளோடு கொடுத்த விளக்குதான் காப்பாற்றியது. வெளியிலிருந்து விளக்கு கொண்டுபோகிறவர்கள் நல்லதாக, முழுவதும் சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோங்கள். பாதையை நடத்துகிறவர்களும் விளக்கின் வெளிச்சம் குறைந்தது 300 லூமென் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள்.

சுரங்கத்தின் உள்ளேயே மாநில எல்லை வருகிறது. அங்கே அடையாளம் வைத்திருக்கிறார்கள், எல்லாரும் நின்று படம் எடுக்கிறார்கள். கிழக்கே மொன்டானா, மேற்கே ஐடஹோ. மணியும் அந்த இடத்தில் மாறுகிறது. ஈஸ்ட் போர்ட்டலில் நிற்கும்போது கைபேசி மலை நேரத்தைக் காட்டும், மறுவாயிலில் பசிபிக் நேரம், ஒரு மணி நேரம் குறைவு. பஸ் ஓடுவது பசிபிக் நேரப்படி. இதைக் குறித்துவைத்துக்கொள்ளாமல் கைபேசியை நம்பினால் குழப்பம்தான்.

இந்தச் சுரங்கத்துக்குள் நிற்கும்போது ஒன்றை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். கரிப்புகை கக்குகிற நீராவி எஞ்சின், பின்னால் தள்ளிவிடுகிற எஞ்சின் இன்னொன்று, ஏற்றத்தில் மெதுவாக, 2.7 கிலோமீட்டர். அந்தப் புகை எங்கே போகும்? எஞ்சினில் இருக்கிற ஆட்களின் நுரையீரலுக்குத்தான். மொன்டானாவின் குளிர் அதற்குமேல். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியில் பாய்லர் நீராவியே சரியாகக் கட்டாது. குளிர் கூடக் கூட எஞ்சின் இழுக்கிற சுமை குறைந்துகொண்டே போகும். மின்எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. குளிரக் குளிர மோட்டாருக்குக் கொண்டாட்டம், சூடேறாமல் கூடுதலாக இழுக்கும். இத்தனைக்கும் மலையில் அருவிகள், அருவிகளில் மின்சாரம். கிரேட் ஃபால்ஸ், தாம்சன் ஃபால்ஸ் நீர்மின் நிலையங்களை வைத்திருந்த மொன்டானா பவர் நிறுவனத்தின் தலைவர் ஜான் ரயன். அவரே அனகோண்டா தாமிர நிறுவனத்துக்கும் தலைவர், இந்த ரயில்வேயின் இயக்குநர் குழுவிலும் ஒருவர். மின்சாரமும் அவரிடம், கம்பிக்கு வேண்டிய தாமிரமும் அவரிடம், முடிவெடுக்கிற நாற்காலியும் அவரிடம். இதை ஊழல் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு என்னவோ, நல்ல வேலை நடந்ததே என்றுதான் தோன்றுகிறது.

மறுவாயிலைவிட்டு வெளியே வந்ததும் வெளிச்சமும் பக்கத்திலேயே ஓர் அருவியும். அங்கிருந்து கீழே லூப் க்ரீக் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பாதை இறங்குகிறது. எதிர்ச் சரிவில், காட்டுக்கு நடுவே மெல்லிய கோடாக இரும்புப் பாலங்கள் தெரியும். அவ்வளவு தூரத்திலா போகப்போகிறோம் என்று தோன்றும், ஒரு மணி நேரத்தில் அதன் மேலேயே நின்றுகொண்டிருப்பீர்கள். மொத்தம் பத்துச் சுரங்கம், ஏழு பாலம். கெல்லி க்ரீக் பாலம்தான் பெரியது, நீளம் 850 அடி, உயரம் 230 அடி. கைப்பிடி உறுதியாக இருக்கிறது, குழந்தைகளோடு போகிறவர்கள் பயப்பட வேண்டாம். பாலங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. எல்லாரும் அதைத்தான் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

வழியெங்கும் தகவல் பலகைகள் உண்டு. 1910 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் இந்தக் காடு முழுவதும் பற்றி எரிந்த கதையை அவற்றில் படிக்கலாம். சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது, எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். எரிகிற மரப்பாலங்களின் மேல் ரயிலை ஓட்டி, மக்களைச் சுரங்கங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் ரயில்வேக்காரர்கள். பலகைகளை அவசரமில்லாமல் படியுங்கள், நன்றாக எழுதியிருக்கிறார்கள். மின்மயமாக்கத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். என் ஆசைக்கு அது போதாது, அது என் ஆசையின் குற்றம்.

எனக்கு வேண்டியது பலகையில் இல்லை, பாதையின் ஓரத்தில் இருந்தது. மரக்கம்பம். எல்லாக் கம்பங்களையும் பிடுங்கிவிடவில்லை, ஆங்காங்கே ஒன்றிரண்டு புதருக்குள் நிற்கின்றன. காட்டு மரங்களோடு மரமாக நிற்பதால் தேடுகிற கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கிளை இல்லாத, தலை வெட்டிய, நேரான மரம் எதைப் பார்த்தாலும் சைக்கிளை நிறுத்துங்கள். நான் நிறுத்தினேன். தேவதாரு இன மரம், வெயிலும் பனியும் மாறி மாறிப் பட்டு வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. நீளவாக்கில் வெடிப்பு, ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகலாம். என் தலைக்கு வெகு மேலே, போல்ட் போட்ட துளைகள் இரண்டு, ஒன்றுக்குக் கீழே ஒன்று. ஒரு துளையில் துரு வழிந்து கீழே கோடு போட்டிருந்தது. அந்த இரண்டு துளைகள்தான் எனக்கு ரசீது. அங்கேதான் குறுக்குக்கை நின்றிருக்கும், அதன் முனையில் இன்சுலேட்டர், அதில் தாங்குகிற கேட்டனரி கம்பி, அதிலிருந்து தொங்கி எஞ்சினுக்கு மின்சாரம் கொடுக்கிற கான்டாக்ட் கம்பி. நம் பக்கம் கம்பம் என்றால் இரும்பு மாஸ்ட்தான். இங்கே காட்டுக்குள் இரும்பை எதற்குச் சுமப்பானேன் என்று மரத்தையே நட்டிருக்கிறார்கள்.

கான்டாக்ட் கம்பியை ஒன்றாகப் போடாமல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகப் போட்டிருந்தார்கள். 3,000 வோல்ட்டில் கனரக ரயிலை மலையேற்ற ஆயிரம் ஆம்பியருக்கு மேல் போகும், ஒற்றைக் கம்பி தாங்காது. அதில் ஒரு நுணுக்கம். கம்பியைப் பிடித்துத் தொங்கவிடுகிற ஹாங்கர் இருக்கிற இடம் எப்போதும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், எஞ்சின் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கிற பாண்டோகிராஃப் அங்கே மோதித் துள்ளும், துள்ளினால் தீப்பொறி, தீப்பொறி பறந்தால் கம்பி தேயும். எங்கள் வாழ்நாள் சண்டையே அதோடுதான். மில்வாக்கிக்காரர்கள் ஹாங்கர்களை மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள்: ஒன்று வலக் கம்பியைப் பிடிக்கும், அடுத்தது இடக் கம்பியை. ஒரு கம்பி விறைப்பாக இருக்கிற இடத்தில் மற்றது நெகிழ்ந்து கொடுக்கும், பாண்டோகிராஃபின் தொடர்பு அறுபடாது. 1915-இல் இதை யோசித்தவர்களின் காலில் விழலாம். இதையெல்லாம் நான் அந்தக் கம்பத்தடியில் விளக்கிக்கொண்டிருந்தபோது மகளும் மாப்பிள்ளையும் மரியாதைக்குக் கேட்டார்கள். பேத்தி மட்டும்தான், “அப்படியானால் கம்பி எங்கே?” என்று சரியான கேள்வியைக் கேட்டாள்.

விற்றுவிட்டார்கள் என்றேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன், அதற்கு முன் பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாதையின் சரிவு அதிகபட்சம் 1.7 சதவீதம். கேட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் 24 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,000 அடி இறங்குகிறோம், பெடலை மிதிக்காமலே வேகம் கூடும், அடிக்கடி பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதி வழியில் பேத்தியின் சைக்கிள் ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. நம்முடைய எடை இறங்குகிற சக்தி முழுவதும் அந்தச் சூட்டில் வீணாகிறது. அந்தக் காலச் சாதாரண ரயிலிலும் இதே கதைதான். ஆயிரக்கணக்கான டன் சுமையை மலையிறக்க பிரேக் கட்டைகள் சிவக்கும், சக்கரம் வெடிக்கும், மலையடிவாரத்தில் நிறுத்தி ஆற வைப்பார்கள். மில்வாக்கியின் மின்எஞ்சின்கள் இறக்கத்தில் மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றிவிடும். எடை இறங்க இறங்க மின்சாரம் கம்பிக்குத் திரும்பிப் போகும், எதிரே மலையேறுகிற ரயில் அதை எடுத்துக்கொள்ளும். எடுக்க ரயில் இல்லாவிட்டால் சப்ஸ்டேஷன் வழியாக மின் நிறுவனத்துக்கே திரும்பும். இன்றைக்கு மெட்ரோ ரயில் திறப்பு விழாக்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற அதே ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்தான், நூறு வருஷத்துக்கு முன்பு, கரடி திரிகிற காட்டில். இந்தப் பாதையில் இறங்கும்போது உங்கள் கை பிரேக் பிடித்து வலிக்கிற ஒவ்வொரு தடவையும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழே பியர்சன் என்ற இடத்தில் பாதை முடிகிறது. அங்கே பஸ் நிற்கும், சைக்கிளை அவர்களே ஏற்றிக் கட்டுகிறார்கள். வார இறுதியில் வரிசை நீளும், முடிந்தால் வார நாளில் போங்கள். பஸ் உங்களைத் தொடங்கிய இடத்தில் விடாது, பெரிய சுரங்கத்தின் மேற்கு வாயில் பக்கம் ரோலண்டில் விடும். அங்கிருந்து காருக்குப் போக அந்த 2.7 கிலோமீட்டர் இருட்டை இன்னொரு முறை கடக்க வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே சொல்கிறார்கள். எனக்கு இது குறையாகவே படவில்லை, போனஸாகத்தான் பட்டது. விளக்கில் சார்ஜ் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இனி, பெரும்பாலோர் செய்யாமல் விடுகிற ஒன்று. பியர்சனோடு ரயில் தடம் முடியவில்லை. அங்கிருந்து அவேரி வரை அதே தடத்தைக் கார் போகிற மண் சாலையாக்கியிருக்கிறார்கள், ரயில் சுரங்கங்களுக்குள்ளேயே கார் போகிறது. காரில் தனியாகச் சுற்றி வரத்தான் வேண்டும், அரை நாள் ஆகும், ஆனால் விடாதீர்கள். செயின்ட் ஜோ ஆற்றங்கரையில் கைப்பிடி அளவு ஊர். ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பேரக்குழந்தை ஒன்றின் பெயரை இதற்கு வைத்தார்கள், அந்தக் குடும்பத்தின் பணம் ரயில்வேயில் இருந்தது. பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் தபால் நிலையமும் சிறு அருங்காட்சியகமும் நடக்கின்றன. பக்கத்தில் ரயில்வே காலத்துக் குளத்தில் இன்றும் பெரிய பெரிய மீன்கள் சோம்பலாகத் திரிகின்றன. பேத்திக்கு முழுப் பயணத்திலும் பிடித்தது அதுதான்.

எனக்கு அங்கே ஆத்திரம்தான் வந்தது. பதினான்காவது சப்ஸ்டேஷன் அவேரியில் இருந்தது, இடித்துவிட்டார்கள். அது போகட்டும். மின்கம்பி இந்த ஊரோடு நின்றது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 1919, 1920 வாக்கில் மேற்கே வாஷிங்டன் மாநிலத்தில் ஒதெல்லோவிலிருந்து டகோமா வரை இன்னொரு பகுதியை மின்மயமாக்கினார்கள், 1927-இல் சியாட்டில் வரை நீட்டினார்கள். இரண்டும் சேர்ந்து 656 மைல். ஆனால் அவேரிக்கும் ஒதெல்லோவுக்கும் நடுவில் 212 மைல் வெறுமையாகவே கிடந்தது, கடைசிவரை. ரயில் இங்கே வந்து மின்எஞ்சினைக் கழற்றும், நீராவியை மாட்டும், ஒதெல்லோவில் அதைக் கழற்றிவிட்டு மறுபடி மின்எஞ்சின். பிறகு நீராவிக்குப் பதில் டீசல். ஆட்கள், பட்டறைகள், எஞ்சின்கள் எல்லாம் இரட்டிப்பு. கையில் பணம் இல்லை, 1925-இலேயே நிறுவனம் ஒருமுறை திவாலாகியிருந்தது. பாலத்தைக் கட்டி நடுவில் ஒரு கண்ணை மட்டும் கட்டாமல் விட்டது போன்ற வேலை.

1972-இல் மேற்குப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். கிழக்குப் பகுதி 1974 ஜூன் வரை ஓடியது. தேதியைக் கவனியுங்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின, சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. அந்த நேரம் பார்த்து அருவியில் ஓடுகிற ரயிலை நிறுத்திவிட்டு டீசலுக்குப் போனார்கள்! தாமிரத்துக்கு விலை இருக்கிறது, கம்பியை விற்றால் காசு என்று கணக்கு. கம்பியை இறக்கி முடிப்பதற்குள் தாமிர விலை இறங்கியது, நினைத்த பணம் வரவில்லை. 1977 டிசம்பரில் மறுபடி திவால். 1980 மார்ச்சில் இந்தப் பக்கத்துத் தடம் முழுவதையும் கைவிட்டார்கள். நம் கடற்கரை–தாம்பரம் பாதையில் மீட்டர் கேஜ் மின்ரயிலை 2004-இல் நிறுத்தியபோது எங்களில் சிலருக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் அங்கே அதைவிட நல்லதொன்று பக்கத்திலேயே ஓட ஆரம்பித்திருந்தது. இங்கே ஒன்றுமே இல்லாமல் போனது.

கம்பியில்லாத தடத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப மனமில்லாதவர்களுக்கு இரண்டு இடங்கள். சியாட்டிலிலிருந்து வருகிற வழியில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே சவுத் க்ளீ எலம். அங்கே ஸ்டேஷனைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள், எதிரே மேற்குப் பகுதியின் செங்கல் சப்ஸ்டேஷன் நிற்கிறது. இடியாத சப்ஸ்டேஷன் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் இதைப் பாருங்கள். ஒரு லட்சம் வோல்ட் மாறுமின்சாரம் ஒரு பக்கம் உள்ளே வந்து, மோட்டார் சுற்றி, மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றி, மறுபக்கம் 3,000 வோல்ட் நேர்மின்சாரமாக வெளியே போன கட்டடம் அது. இன்று சிலிக்கான் ரெக்டிஃபயர் சத்தமில்லாமல் ஒரு பெட்டிக்குள் செய்துவிடுகிற வேலைக்கு அன்று இத்தனை உயரச் சுவரும் இரவு பகலாகக் காவலுக்கு ஆளும் வேண்டியிருந்தது. இப்படி 22 இருந்தன. சுற்றிலும் பழைய யார்டில் நடைபாதை போட்டு, எஞ்சின் கொட்டகையின் அடித்தளத்தைக் காட்டி வைத்திருக்கிறார்கள். கட்டணம் பெரிதாக எதுவும் இல்லை, மாநிலப் பூங்காவுக்கான வாகன அனுமதிதான். மதிப்பெண் போடச் சொன்னால் ஹயவாதாவைவிட இதற்கு அரைப் புள்ளி கூடக் கொடுப்பேன், இதை என் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாவது இடம் எதிர்த்திசையில், மொன்டானாவின் டியர் லாட்ஜ், டாஃப்டிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரம். பழைய சிறைச்சாலையை ஒட்டிய அருங்காட்சியக வளாகத்தில் ஈ70 என்ற மின்எஞ்சின் நிற்கிறது. ‘லிட்டில் ஜோ’ என்பது இந்த வகையின் பட்டப்பெயர், ஜோ என்றால் ஜோசப் ஸ்டாலின். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்காக ஜெனரல் எலக்ட்ரிக் 20 எஞ்சின்களைச் செய்தது. செய்து முடிப்பதற்குள் பனிப்போர் வந்துவிட்டது, அனுப்பக் கூடாது என்றது அமெரிக்க அரசு. ஐந்து பிரேசிலுக்குப் போயின, மூன்றை சிகாகோ பக்கத்து ரயில்வே ஒன்று எடுத்துக்கொண்டது, பன்னிரண்டை மில்வாக்கி வாங்கியது. ஸ்டாலினுக்காகச் செய்த எஞ்சின்கள் மொன்டானா மாட்டுப்பண்ணைகளுக்கு நடுவே 1974 வரை சரக்கு இழுத்தன. நான் அதைச் சுற்றி வந்து, மேலே மடங்கிக் கிடக்கிற பாண்டோகிராஃபை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

பணத்துக்குத் தகுந்த சேவையா என்றால், ஆம். ஹயவாதா பாதைக்கு ஐந்தில் நான்கரை. அரைப் புள்ளியைக் குறைத்தது அவர்கள் செய்த எதற்காகவும் அல்ல. பத்துச் சுரங்கத்தில் ஏதாவது ஒன்றிலாவது, நூறடி நீளத்துக்கு, அந்த இரட்டைக் கம்பியை மறுபடி கட்டித் தொங்கவிட்டால் போதும், மின்சாரம் கூட வேண்டாம். அதற்கு ஆள் தேவைப்பட்டால் ஓய்வு பெற்றவன் ஒருவன் அடுத்த கோடையிலும் மகள் வீட்டுக்கு வருவான், கூலி வேண்டாம், ஏணி மட்டும் அவர்கள் கொண்டுவர வேண்டும்.